ஆய்வுக்கூடத்தில் வளரும் உட்செவித் திசு

கண்ணின் உட்புறத்தை மருத்துவர் கருவி கொண்டு நேரே நோக்கலாம். உட்செவியோ உடலின் மிகக் கடினமான எலும்புகளில் ஒன்றினுள் புதைந்து கிடக்கிறது. உயிருள்ளவரிடமிருந்து அதன் துணுக்கை எடுத்துச் சோதிக்க முற்பட்டால், எஞ்சிய செவிப்புலனும் கெடும். செவிட்டுத்தன்மை பற்றிய ஆராய்ச்சிக்கு இது நெடுநாளைய இடையூறு.

உட்செவியில் நத்தை ஓட்டைப் போலச் சுருண்ட குழல் ஒன்று உண்டு; இதைக் காக்ளியா என்பர். ஒவ்வொரு காக்ளியாவிலும் பிறப்பில் ஏறத்தாழ 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. நுனியில் நுண்ணிய இழைகள் இருப்பதால் இப்பெயர் வந்தது. அவை மெய்யான மயிர் அல்ல. ஒலியின் அதிர்வை நரம்புக்குரிய மின்குறியாக மாற்றுபவை இச்செல்களே. பேரிரைச்சல், முதுமை, ஸ்ட்ரெப்டோமைசின் இனத்தைச் சேர்ந்த மருந்துகள் முதலியவற்றால் இவை அழிகின்றன. கோழியின் செவியில் அழிந்த மயிர்ச் செல்களுக்கு ஈடாக, அருகிலுள்ள துணைச் செல்களிலிருந்து புதியவை தோன்றுகின்றன. மனிதனின் காக்ளியாவுக்கு அப்பேறு இல்லை.

2013-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கார்ல் கோலர், எரி ஹஷினோ முதலியோர் சுண்டெலிக் கருவின் ஸ்டெம் செல்களிலிருந்து உட்செவித் திசுவை உண்டாக்கினர். செல்களைத் தட்டில் பரப்பாமல், ஊட்டத் திரவத்தில் சிறு உருண்டைகளாகத் திரளவிட்டனர். கருவில் செவி உருவாகும்போது செயற்படும் புரதக் குறிப்புகளை அதே வரிசைப்படி அளித்தனர். நுட்பம் முழுவதும் இந்த நேரக் கணக்கில்தான் இருக்கிறது. 2017-இல் மனித ஸ்டெம் செல்களிலும் இம்முறை கைகூடியது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. மயிர்ச் செல்களுடன் நரம்புச் செல்களும் தோன்றி இணைந்தன.

இதனைச் 'செயற்கைச் செவி' என்பது பொருந்தாது. அங்கு வளர்ந்தவை பெரும்பாலும் உடலின் சமநிலையை உணரும் பகுதிக்குரிய மயிர்ச் செல்கள். 2023-இல் அப்பல்கலைக் கழகத்தார் குறிப்புகளை மாற்றியமைத்து, காக்ளியாவின் மயிர்ச் செல்களை ஒத்தவற்றைப் பெற்றனர். ஆயினும் அவை சுருள் குழலாக அமைவதில்லை.

பயன் வேறு வகையில் உண்டு. பிறவிச் செவிட்டுத்தன்மையுள்ள குழந்தையின் இரத்தச் செல்களை ஸ்டெம் செல்களாக மாற்றி வளர்த்தால், அதே பரம்பரைக் குறையுடைய திசு கிடைக்கிறது. அக்குறையைத் திருத்திய திசுவை அதனருகே வைத்து ஒப்பிடலாம். புது மருந்து செவியைக் கெடுக்குமா என்று முன்னரே சோதிக்கலாம். கோழியில் நிகழ்வதுபோல் மனிதத் துணைச் செல்களைத் தூண்டும் பொருளையும் தேடலாம்.

பெற்றோர் இச்செய்தியைக் கேட்டு ஆசிரியரையோ கள ஊழியரையோ நாடி வரக்கூடும். இத்திசுவைச் செவியில் பதிக்கும் சிகிச்சை நடைமுறையில் இல்லை. இன்று பெரும்பாலோர்க்கு உதவுவன காதுக் கருவியும், மயிர்ச் செல்களை விடுத்து நரம்பையே நேரே தூண்டும் காக்ளியர் கருவியுமே. பேச்சு அமையும் வயதிற்கு முன்னரே குழந்தையைச் சோதித்தால்தான் இவை முழுப் பயன் தரும்.