மீண்டும் ஜீனோ: இரண்டாம் பாகம் தரும் இன்பமும் பாடமும்

முன்னுரை

கதை என்றால் காது கொடுக்காதவர் யார்? பாட்டியின் மடியில் படுத்துக் கதை கேட்ட நாள் முதலாக, "அப்புறம் என்ன ஆயிற்று?" என்ற கேள்வி நம்மை விட்டு நீங்கியதேயில்லை. கதை முடிந்த பிறகும் இக்கேள்வி அடங்காதபோதுதான் இரண்டாம் பாகம் பிறக்கிறது. ஆயினும் இரண்டாம் பாகம் என்றதும் நம் உள்ளத்தில் ஓர் ஐயமும் எழுகிறது. தேங்காயின் முதற்பாலில் உள்ள சுவை இரண்டாம் பாலில் இருக்குமா? எழுத்தாளர் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைப் படித்து முடித்து, அதன் தொடர்ச்சியாகிய 'மீண்டும் ஜீனோ'வைக் கையில் எடுத்தபோது எங்கள் வகுப்புத் தோழியர் பலருக்கும் இந்த ஐயமே இருந்தது. அந்த ஐயம் தீர்ந்த விதத்தை இக்கட்டுரையில் காண்போம்.

திருவரங்கம் வளர்த்த எழுத்தாளர்

சுஜாதாவின் இயற்பெயர் ரங்கராஜன். 1935-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த அவர், பாட்டியின் அரவணைப்பில் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தார். நம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களும் அக்காலத்தில் அக்கல்லூரியில் பயின்றவரே. லூர்து அன்னை ஆலயத்தின் உயர்ந்த கோபுரத்தைக் கண்டபடி நாம் நாள்தோறும் நடக்கும் சாலையில்தான் அவ்விருவரும் புத்தகத்தோடு நடந்திருப்பர் என்று எண்ணும்போது நமக்கும் ஊக்கம் பிறக்கிறதன்றோ!

பின்னர் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணிபுரிந்த சுஜாதா, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் பங்கு கொண்டார். அவ்வியந்திரம் நம் நாட்டில் முதன்முதலாக 1982-ஆம் ஆண்டு கேரளத்தின் பரவூர் தொகுதியில் பயன்படுத்தப்பட்டது. வாக்கு என்பது என்ன, அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பவற்றைத் தொழில் முறையிலேயே அறிந்தவர் அவர். மனைவியின் பெயரையே புனைபெயராகக் கொண்டு எழுதிய அவர், 2008-ஆம் ஆண்டு மறைந்தார்.

முதற் பாகம்

'என் இனிய இயந்திரா' 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, பின்னர் தூர்தர்ஷனிலும் தொடராயிற்று. வாரந்தோறும் அந்தப் பக்கங்களைக் கத்தரித்துச் சேர்த்து, பைண்டிங் செய்து வைத்திருந்த பாட்டிமாரும் பெரியம்மாமாரும் நம்மில் பலர் வீடுகளில் உண்டு. அவர்களுக்கு 2020-கள் எட்டாத எதிர்காலம். கதை நடப்பதோ அந்த 2020-களின் தொடக்கத்தில். நாமோ அதைக் கடந்து நின்று படிக்கிறோம். இதுவும் ஒரு புதுச் சுவையே.

கதையில் வரும் இந்தியாவை ஜீவா என்னும் சர்வாதிகாரி ஆள்கிறார். மக்களுக்கு ஈரெழுத்துப் பெயர்களே உண்டு. குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். நிலா என்னும் இளம்பெண்ணின் கணவன் சிபி திடீரெனக் காணாமற் போகிறான். அவள் வீட்டுக்கு ரவி என்பவன் வருகிறான். அவனோடு வருவது ஜீனோ என்னும் இயந்திர நாய்க்குட்டி. பேசவும் வாதிடவும் குறும்பு செய்யவும் தெரிந்த அந்தக் குட்டி, படிப்பவர் அனைவருடைய உள்ளத்தையும் கவர்ந்துவிடுகிறது. இறுதியில் நாம் அறிவது என்ன? நாட்டையே நடுங்க வைத்த ஜீவா, இரத்தமும் சதையும் கொண்ட மனிதரே அல்ல. ஹோலோகிராம் என்னும் வெறும் ஒளிப்பிம்பம்!

இரண்டாம் பாகம்

கொடுங்கோலன் ஒழிந்தான், நிலா அரசியானாள். இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? சிறுவர் கதையானால் சுபம் போட்டு முடித்திருப்பர். 'மீண்டும் ஜீனோ' அங்கேதான் தொடங்குகிறது. நிலா அரியணையில் அமர்ந்திருக்கிறாள். ஆனால் ஆட்சி அவளிடம் இல்லை. அவள் பெயரால் ஆள்பவர்கள் ரவியும் அவன் தோழன் மனோவுமே. மக்கள் காண்பது அவளுடைய முகத்தை. கேட்பதோ பிறருடைய கட்டளையை.

இந்த இரண்டாம் பாகத்தைப் பற்றி எங்கள் வகுப்பில் ஒரு விவாதமே நடந்தது. "முதற் பாகத்தில் விறுவிறுப்பு அதிகம்; ஜீவா யார் என்ற மர்மம் இருந்தது. இதில் மர்மம் தீர்ந்துவிட்டதே" என்றனர் சிலர். அது உண்மையே. ஆயினும் இரண்டு பாகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வேறொன்று புலப்பட்டது. முதற் பாகத்தில் உயிரற்ற பிம்பம் ஒன்று அரசனாக்கப்பட்டிருந்தது. இரண்டாம் பாகத்தில் உயிருள்ள பெண் ஒருத்தி பிம்பமாக்கப்படுகிறாள். பிம்பத்தை அணைத்துவிடலாம், அதற்கு வலிக்காது. உயிருள்ளவளைப் பொம்மையாக்கினால் அவளுக்கு வலிக்குமே! ஆகவே முதற் பாகத்தில் இல்லாத ஒரு கேள்வி இங்கே எழுகிறது: நிலா எப்போது தன் வாயால் பேசுவாள்? இந்தக் கேள்வியே எங்களைக் கடைசிப் பக்கம் வரை இழுத்துச் சென்றது.

ஜீனோவும் முன்பு கண்ட ஜீனோவாக இல்லை. விளையாட்டுத் துணையாக வந்த குட்டி, இப்போது மனிதரைப் போலவே எண்ணவும் உணரவும் முற்படுகிறது. 1999-ஆம் ஆண்டு ஜப்பானின் சோனி நிறுவனம் ஐபோ என்னும் இயந்திர நாயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றோ கேட்ட கேள்விக்கு விடை சொல்லும் கணினிகளுடன் நாம் உரையாடுகிறோம். ஆனால் ஜீனோவை நாம் விரும்புவது அதன் அறிவுக்காக மட்டுமன்று. நிலாவிடம் அது கொண்ட அன்புக்காகவே. அரண்மனையில் அவளை அரசியாக அன்றி நிலாவாகவே மதித்துப் பேசும் துணை அந்த இயந்திரம்தான். நூலின் முடிவை இங்கே எழுதினால் இனிப் படிக்கப்போகும் தோழியரின் சாபத்துக்கு ஆளாவோம். ஆகவே அதை விடுத்து மேலே செல்வோம்.

நம் மரபில் இரண்டாம் பாகங்கள்

கதையைத் தொடர்ந்து சொல்வது நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் இரட்டைக் காப்பியங்கள் என்று தமிழ் வகுப்பில் படிக்கிறோம். கோவலனும் கண்ணகியும் நம் உறையூர் வழியாகவே மதுரைக்கு நடந்தனர். அவர்கள் கதை முடிந்த பின், கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகளின் கதையைச் சாத்தனார் பாடினார். புகார் நகரத்தில் இளவரசன் ஒருவன் தன்னைத் துரத்த, கடல் தெய்வம் எடுத்துச் சென்று மணிபல்லவத் தீவில் விட, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைப் பெற்று, நகரத்துப் பசியைத் தீர்த்தவள் அவள். ஜீனோவுக்குச் சற்றும் குறையாத வியப்புகள் நிறைந்த இரண்டாம் பாகம் அது! அரசன் வரம் தர முன்வந்தபோது அவள் நகையோ நாடோ கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும்படி கேட்டாள்.

திருவிவிலியத்திலும் இதற்குச் சான்றுண்டு. தூய லூக்கா, தியோபில் என்பவருக்கென்று நற்செய்தியை எழுதினார். அவருக்கே மீண்டும் திருத்தூதர் பணிகள் நூலை எழுதினார். நற்செய்தி நம் ஆண்டவரின் விண்ணேற்றத்துடன் முடிகிறது. அடுத்த நூல் அங்கிருந்தே தொடங்குகிறது. உயிர்ப்பின் வெற்றி கிடைத்துவிட்டது; இனிச் சீடர்கள் என்ன செய்யப் போகிறார்கள்? அவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடவில்லை. எருசலேம் நகரத்துத் தெருக்களில் இறங்கிப் பேசினார்கள். வெற்றிக்குப் பின் வரும் நாட்களை எப்படி வாழ்வது என்பதே நல்ல இரண்டாம் பாகங்கள் எல்லாம் எழுப்பும் வினா.

நாம் பெறும் பாடம்

1992-ஆம் ஆண்டின் 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஐம்பது விழுக்காடாக உயர்த்தியது. ஆனால் இன்றும் சில ஊர்களில் நாற்காலியில் தலைவியின் பெயர்ப்பலகை இருக்க, கணவரோ தமையனோ முடிவு செய்வதைக் காண்கிறோம். அச்சட்டத் திருத்தம் வருவதற்கு முன்பே எழுதப்பட்ட கதையில் நிலா அப்படித்தான் வீற்றிருக்கிறாள்! பதவி கிடைப்பது முதற் பாகம். பதவியில் தன் அறிவால் நடப்பது இரண்டாம் பாகம். முதற் பாகத்துக்குச் சட்டம் துணை செய்யும். இரண்டாம் பாகத்தை நாமே எழுத வேண்டும்.

பிறரைச் சொல்வானேன்? நாங்களும் மாணவியர் தலைவியைத் தேர்ந்தெடுத்தோம், கைதட்டி மாலையிட்டோம். அடுத்த மாதம் வகுப்புகளின் குறைகளைக் கேட்க அவள் கூட்டம் போட்டபோது வந்தவர்கள் ஐந்தே பேர். மற்றவர்கள் பேருந்தைப் பிடிக்க ஓடிவிட்டோம். அவள் தனியே எழுதிய குறிப்பில் எங்கள் வகுப்பின் குறை ஒன்றுகூட இல்லை. "எங்களைக் கேட்காமல் எழுதிவிட்டாயே" என்று அவளிடமே கோபித்துக்கொண்டோம்! 'மீண்டும் ஜீனோ'வைப் படித்த பிறகுதான், தலைவியைப் பொம்மையாக்குகிறவர்கள் அரண்மனைச் சூழ்ச்சிக்காரர்கள் மட்டுமல்லர், வாக்களித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களும்தான் என்பது எங்களுக்கு உறைத்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். அதற்கடுத்த கூட்டத்தில் உட்கார இடம் போதவில்லை.

முடிவுரை

அன்புள்ள பெற்றோரே! பரீட்சைக்கு முந்திய நாள் கதைப் புத்தகம் எடுத்தால் கண்டியுங்கள், அது நியாயமே. விடுமுறையில் எடுத்தால், முடிந்தால் நீங்களும் உடன் அமர்ந்து படியுங்கள். அன்று வாரந்தோறும் காத்திருந்து படித்த பாட்டியும், இன்று ஒரே மூச்சில் படித்த பேத்தியும் ஒரே நாய்க்குட்டியைப் பற்றிப் பேசிச் சிரிப்பது எத்துணை இன்பம்!

தேங்காய்ப் பாலைச் சொல்லித் தொடங்கினோம். இதை வீட்டில் சொன்னபோது ஒரு தோழியின் தாயார் நகைத்து, "முதற்பாலைக் கடைசியில் ஊற்றி இறக்குவோம், காய் வேகிறதெல்லாம் இரண்டாம் பாலில்தான்" என்றார். சமையலறையில் நாங்கள் கற்ற இப்பாடத்தையும் ஜீனோ கற்பித்த பாடத்தோடு சேர்த்து மனத்தில் இருத்துவோமாக.