உவர்ப்பில் வாழும் ஈஸ்டுகளும் அவை கொள்ளும் சர்க்கரைகளும்

நொய்யற் கரையில் வாழும் நமக்கு உப்பு என்பது அடுக்களைப் பொருள் மட்டுமன்று. பருத்திப் பின்னலாடைக்குச் சாயம் ஏற்றுங்கால் சோடியம் குளோரைடையோ சோடியம் சல்பேட்டையோ பெருமளவில் இடுகின்றனர். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கும். உப்போ கழிவுநீரோடு போகும். பாசனத்திற்கென 1992-இல் பயன்பாட்டிற்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாகிப் போனதையும், 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டதையும் மாணவர் அறிவர். பயிர் கருகும் உவர்ப்பிலும் தழைக்கும் உயிர் உண்டோ எனின், உண்டு. இறைவன் படைப்பில் ஈஸ்டு இனத்துள் சில அத்தகையன.

ஈஸ்டினை அறிவியல் தமிழில் 'மதுவம்' எனவும் வழங்குவர். இப்பெயர் நமக்கு நிறைவளிக்கவில்லை. ரொட்டியை உப்பச் செய்வதும் சோயாக் குழம்பிற்கு மணமூட்டுவதும் இவ்வுயிரே. அதன் பல தொழில்களுள் ஒன்றை மட்டும் பெயராக்குவது பொருந்துமா என்பதைத் தமிழ் மாணவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஊறுகாயில் உப்பு மிகுந்தால் கெடாதிருப்பது ஏன்? உப்பு நுண்ணுயிரின் உடலிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடுகிறது. ரொட்டி ஈஸ்டு நூற்றுக்குப் பத்துப் பங்கு உப்பை எட்டும்போதே தளர்ந்துவிடும். கடல்நீரிலும் பாலாடைக்கட்டி ஊறும் உப்புநீரிலும் காணப்படும் டெபாரியோமைசஸ் ஹான்செனி என்பதோ இருபது பங்கிற்கு மேலும் தாங்கும். அது தான் உண்ட சர்க்கரையில் ஒரு பகுதியைக் கிளிசராலாக மாற்றி உடலுக்குள் நிறைத்துக்கொள்கிறது. வெளியிலுள்ள உப்பின் இழுவைக்கு உள்ளிருக்கும் கிளிசரால் ஈடு கொடுக்கிறது. கசிந்து வெளியேறிய கிளிசராலையும் விடாது மீண்டும் உள்ளே ஈர்த்துக்கொள்கிறது. ஆகவே உவர்நீரில் சர்க்கரை உணவு மட்டுமன்று, கவசமும் ஆகும்.

சர்க்கரைகள் யாவும் ஒரே வாயிலால் உட்புகுவதில்லை. குளுக்கோசு, பிரக்டோசு போன்ற ஒற்றைச் சர்க்கரைகளைக் கடத்தும் புரதங்கள் செல்லின் சவ்வில் உள்ளன. கரும்புச் சர்க்கரையாகிய சுக்ரோசு இரட்டையாதலின், ரொட்டி ஈஸ்டு இன்வர்ட்டேசு என்னும் நொதியை வெளியே விட்டு அதனை இரண்டாகப் பிளந்தே பெரும்பாலும் உட்கொள்ளும். மால்ட்டோசும் இரட்டையே, எனினும் அதனை முழுதாக உள்ளே கொணர்ந்த பின்னரே பிளக்கும். குளுக்கோசு கிடைக்கும்வரை பிற சர்க்கரைகளை நாடாமை ரொட்டி ஈஸ்டின் இயல்பு.

இவ்விதிக்கு மாறுபட்டது சைகோசாக்கரோமைசஸ் ரூக்சி. சோயாக் குழம்பு ஊறும் தொட்டியில், ஏறத்தாழ 18 விழுக்காடு உப்பினிடையே வாழ்வது இது. இரண்டும் மிகுதியாக இருப்பின் இது பிரக்டோசையே முந்தி உண்ணும்; அதற்கெனவே தனிக் கடத்துபுரதம் ஒன்றைப் பெற்றுள்ளது. ஹான்செனியோ ரொட்டி ஈஸ்டு இயல்பாகத் தொடாத சைலோசு என்னும் மரச்சர்க்கரையையும் பயன்கொள்ளும்.

அங்ஙனமாயின் சாயக் கழிவுநீரை ஈஸ்டிடம் ஒப்படைத்துவிடலாமே என நம் மாணவர் வினவக்கூடும். உவர்நீரிலுள்ள கரிமப் பொருள்கள் சிலவற்றை அது உண்ணக்கூடும். உப்பு அதற்கு உணவன்று, பொறுத்துக்கொள்ளும் இடர் மட்டுமே. நீரினின்று உப்பைப் பிரிக்கும் பணியை நம்மூர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் எதிர்ச் சவ்வூடு பரவல் பொறிகளும் ஆவியாக்கிகளும், மிகுந்த மின்செலவிலும் எரிபொருட் செலவிலும், செய்துவருகின்றன.