எல்லைப்புறத்து மலேரியா ஒட்டுண்ணியின் கால்வழிகள்

ஒரே ஊரில், ஒரே வாரத்தில் காய்ச்சலுற்ற இருவரின் இரத்தத்தில் காணப்படும் பிளாஸ்மோடியம் பால்சிபாரம் ஒட்டுண்ணி, நுண்பெருக்கியின் கீழ் ஒன்றுபோலவே தோன்றும். மரபணுக்களை ஆராயின் அவை வெவ்வேறு கால்வழியினவாக இருத்தல் கூடும். ஒரு நோயாளியின் உடலிலேயே இரண்டு மூன்று கால்வழிகள் கலந்திருத்தலும் உண்டு.

இவ்வேறுபாடு தோன்றும் விதம் யாது? மனித உடலில் ஒட்டுண்ணி பாற்கலப்பின்றிப் பிளந்தே பெருகுகிறது. ஆணணுவும் பெண்ணணுவும் கூடுவது அனோபிலிஸ் கொசுவின் இரைப்பையில்தான். ஒரு கொசு இரு கால்வழிகளை ஒருங்கே உறிஞ்சினால் அவற்றின் மரபணுக்கள் கலக்கின்றன. மூன்று மரபணுக்களில் மட்டும் அவை வேறுபட்டாலும் 8 சேர்க்கைகள் தோன்றலாம். ஆசிரியர்கள் இதனைப் புளியங்கொட்டை, குன்றிமணி, சோழி ஆகியவற்றை இவ்விரு நிறங்களில் வைத்து எளிதில் விளக்கலாம்.

மிசோரமும் அருணாசலப் பிரதேசமும் மியான்மரை அடுத்தவை. திரிபுரா வங்காளதேசத்தால் மும்புறமும் சூழப்பட்டது. காட்டு வேலைக்கும் சந்தைக்கும் உறவினர் வீட்டுக்கும் மக்கள் செல்லும் வழியே ஒட்டுண்ணியும் செல்கிறது. இந்தியாவில் குளோரோகுயினுக்கு அடங்காத பால்சிபாரம் முதன்முதலில் அறியப்பட்டது 1973-இல், அஸ்ஸாமின் கார்பி ஆங்லாங் பகுதியில். வடகிழக்கில் காணப்படும் எதிர்ப்பு மரபணுவின் வடிவம் பெரும்பாலும் தென்கிழக்கு ஆசிய வடிவத்தை ஒத்தது. நாட்டின் பிற பகுதிகளில் மிகுதியாய் உள்ளதோ வேறு வடிவம். சல்படாக்சின்-பைரிமெத்தமின் கூட்டு மருந்தும் அங்குப் பயன் குன்றவே, 2013-இல் வடகிழக்கு மாநிலங்களுக்கு மட்டும் ஆர்ட்டிமெத்தர்-லூமிபாந்திரின் விதிக்கப்பட்டது.

களப்பணியாளர் முக்கியமாய்க் கருதவேண்டியது வேறொன்று. மருந்துண்டு குணமடைந்தவர் நான்காம் வாரத்தில் மீண்டும் காய்ச்சலுடன் வருகிறார். மருந்து தோற்றதா, புதிய கொசுக்கடியா? இரத்தத் தடவல் இதனைக் கூறாது. ஒட்டுண்ணியின் மேற்பரப்புப் புரதங்களுக்குரிய மரபணுக்களின் நீளம் கால்வழிக்குக் கால்வழி மாறுபடும். முதல் நாளின் இரத்தத்தையும் மறுமுறை எடுத்ததையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒத்திருப்பின் பழைய தொற்றே தலையெடுத்தது எனக் கொள்ளலாம். முற்றும் மாறுபடின் புதியது. முதல் நாளின் துளி இல்லையேல் எத்துணைப் பெரிய ஆய்வுக்கூடமும் விடை கூற இயலாது.

எனவே முதல் வேளை மருந்து கொடுப்பதற்கு முன்னரே வடிதாளில் இரத்தத் துளிகளை எடுத்தல் வேண்டும். தாளை வெயிலில் இடாது நிழலில் நன்கு உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் மூடுக. உறையின்மேல் பெயரெண்ணும் நாளும் எழுதினால் போதாது. கடந்த இரு வாரங்களில் நோயாளி இரவு தங்கிய ஊர்களையும், எல்லைக்கு அப்பாலுள்ளவை உட்பட, கேட்டுப் பதிவேட்டில் குறித்தல் வேண்டும்.