கேட்பாரற்றுக் கிடக்கும் டிரம்: என்ன செய்வது?

காலி மனையிலோ ஏரிக்கரையிலோ இரவோடு இரவாக யாரோ இறக்கிவிட்டுப் போன டிரம்மைக் கண்டால் நம்மில் பலருக்கு முதலில் வருவது பயமல்ல, ஆசை. தண்ணீர்ப் பஞ்சம் பார்த்த ஊரில் 200 லிட்டர் நீல டிரம் ஒரு சொத்து. இரும்பு டிரம் என்றால் காயலான் கடையில் உடனே காசு. அந்த ஆசையை அடக்குவதுதான் முதல் படி.

டிரம்மில் என்ன இருக்கிறதென்று தெரியாதவரை குறைந்தது 100 மீட்டர் தள்ளி நில்லுங்கள். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதும் முக்கியம். டிரம்மைப் பார்த்து நின்றால் காற்று உங்கள் முதுகில் பட வேண்டும். தென்னங்கீற்றும் கொடியில் காயும் துணியும் காற்றின் திசையைச் சொல்லிவிடும். குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். அதனால் மேடான இடமே நல்லது.

மோந்து பார்க்கும் வேலையே வேண்டாம். அழுகிய முட்டை வாடையடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அளவு கூடினால் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். வாடை நின்றது என்றால் ஆபத்து நீங்கியது என்று பொருளல்ல.

அடுத்து, இருந்த இடத்திலிருந்தே செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் படம் எடுங்கள். சாய்சதுரச் சின்னம், மண்டையோடு, தீச்சுடர், கையை அரிக்கும் திரவத்தின் படம் ஆகியவை தெரிகின்றனவா பாருங்கள். நான்கு இலக்க எண் இருந்தால் இன்னும் நல்லது. 1017 குளோரின், 1005 அம்மோனியா, 1830 கந்தக அமிலம். மூன்று இதழ் கொண்ட கதிரியக்கச் சின்னத்தை வீட்டுப் பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள். 2010இல் டெல்லி மாயாபுரி காயலான் கடைகளுக்கு வந்த பழைய கருவி ஒன்றில் கோபால்ட்-60 இருந்தது. பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட கருவி அது. பாதிக்கப்பட்ட தொழிலாளர்களில் ஒருவர் இறந்தே போனார்.

இப்போது 112க்கோ தீயணைப்புத் துறையின் 101க்கோ பேசுங்கள். இடத்தின் அடையாளம், எத்தனை டிரம், கசிவோ புகையோ உண்டா, சின்னமும் எண்ணும் என்ன என்பதைச் சொன்னால் போதும். அவர்கள் வரும்வரை பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். பீடி, சிகரெட் கூடாது. பக்கத்தில் வண்டியை ஸ்டார்ட் செய்யவும் கூடாது. வாயு பரவுகிறது, வெளியேற வழியில்லை என்றால் கதவு ஜன்னலைச் சாத்தி, ஏசியை நிறுத்திவிட்டு மாடிக்குப் போங்கள்.

உதவி செய்கிறோம் என்று தண்ணீர் ஊற்றுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அடர்ந்த கந்தக அமிலத்தில் தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும். கால்சியம் கார்பைடில் பட்டால் எளிதில் தீப்பிடிக்கும் அசிட்டிலின் வாயு கிளம்பும். 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கிக் கொள்கலன்கள் கரை ஒதுங்கியபோது இந்தக் கார்பைடுதான் பெரிய கவலை. தொடாதீர்கள், 200 மீட்டர் விலகி நில்லுங்கள், 112ஐ அழையுங்கள் என்றே அங்கும் மக்களுக்குச் சொன்னார்கள். பிளீச்சிங் பவுடர் தூவுவதும் ஆபத்து. அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வெளிவரும்.

யார் மேலாவது பட்டுவிட்டால் நனைந்த உடையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவ வேண்டும். தூளாக இருந்தால் முதலில் தட்டி உதறிவிட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டாலும் தண்ணீர்தான், தேய்க்கக் கூடாது. விழுங்கியவரை வாந்தியெடுக்க வைக்காதீர்கள், போகும்போது சுட்டது திரும்பி வரும்போதும் சுடும். 108ஐ அழைத்து, எடுத்த படத்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

காலி டிரம்மும் சும்மா இல்லை. அடியில் தங்கிய ஆவி போதும், கேஸ் கட்டர் வைத்ததும் வெடிக்க. பிளாஸ்டிக் டிரம் பூச்சிமருந்தையும் கரைப்பானையும் உறிஞ்சி வைத்திருக்கும். எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அது குடிதண்ணீருக்கு ஆகாது.

டிரம்மை அகற்றியதோடு விட்டுவிட்டால் கொட்டியவர் அடுத்த மாதமும் வருவார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் படங்களோடு மனு கொடுங்கள். பக்கத்துக் கிணறு, போர்வெல் தண்ணீரைச் சோதிக்கவும் அதிலேயே கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி, கழிவை ஏற்றிச் செல்லும் கொள்கலனில் விவரச் சீட்டு இருக்க வேண்டும். வண்டியோடு ஆவணமும் போக வேண்டும். ஆகவே சீட்டை யாரும் கிழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி எண் யாருக்காவது நினைவிருந்தால் அதையும் மனுவில் எழுதி, கையெழுத்திட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.