வெந்நீர் தராத கீஸரும் நம்ம ஊர்த் தண்ணீரும்



மார்கழி பிறந்துவிட்டால் நம்ம தூத்துக்குடியில்கூட காலையில் வெந்நீர் தேடுகிறோம். "கீஸர்ல லைட் எரியுது, தண்ணி சூடாக மாட்டேங்குது, கொஞ்சம் வந்து பாரு தம்பி" என்று தெருவில் முதலில் கூப்பிடுவது டிப்ளமோ படிக்கிற பையனைத்தான். கூப்பிட்ட வீட்டில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது? அதுவே இக்கட்டுரை.

உள்ளே இருப்பவை

தண்ணீர் நிற்கும் டேங்க், அதைச் சூடாக்கும் எலிமென்ட் (கடைகளில் 'காயில்' என்பார்கள்), சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட், அது கைவிட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் கட்-அவுட், அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் சேப்டி வால்வு, டேங்க் அரிக்காமல் தான் கரைந்து காக்கும் மெக்னீசியம் கம்பி. எலிமென்ட், தெர்மோஸ்டாட், கட்-அவுட் மூன்றும் சீரீஸில் உள்ளன. ஒன்று அறுந்தாலும் வெந்நீர் கிடையாது.

15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 2016 கிலோ ஜூல் வேண்டும். 2 கிலோவாட் எலிமென்டுக்கு இது 17 நிமிட வேலை. அரை மணி கழிந்தும் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருந்தால் கோளாறு உண்டு என்று பொருள்.

சோதிக்கும் வரிசை

1. பிளக் பாயிண்டில் சப்ளை வருகிறதா என்று பாருங்கள். கீஸரைப் போட்டவுடன் டிரிப் ஆகிறது என்றால் எலிமென்டில் எர்த் லீக்கேஜ் இருக்கலாம்.

2. மூடியைத் திறக்குமுன் மெயினை ஆஃப் செய்து பிளக்கையும் உருவிவிடுங்கள். சுவிட்சை மட்டும் நம்பக்கூடாது. சில வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் போடப்பட்டிருக்கும்.

3. ஒயரைக் கழற்றி எலிமென்டை மல்டிமீட்டரில் அளந்தால் 230 வோல்ட், 2 கிலோவாட்டுக்கு சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். மீட்டர் அசையவே இல்லையென்றால் எலிமென்ட் அறுந்துவிட்டது. பிறகு பின்னுக்கும் வெளி உறைக்கும் இடையே 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார்க்கவும். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அதை மாற்றிவிடுவதே நல்லது.

4. தண்ணீர் ஆறியிருக்கும்போது தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் மூடிய நிலையில், ஏறத்தாழ பூஜ்ய ஓம் காட்ட வேண்டும். கட்-அவுட் விழுந்திருந்தால் ரீசெட் பட்டனை அமுக்கலாம். ஆனால் அது ஏன் விழுந்தது என்று கண்டுபிடிக்காமல் அமுக்கக்கூடாது.

ஏன் விழுகிறது?

தெர்மோஸ்டாட்டின் கான்டாக்ட் ஒட்டிப்போயிருக்கலாம். தண்ணீர் இல்லாமல் ஓடியிருக்கலாம். போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் மூன்றாவது காரணம்தான் அதிகம்: படிவு.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் நான். அப்பா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். ஒரு கீஸரில் சுரண்டி எடுத்த வெள்ளைச் சில்லை அவரிடம் காட்டி, "நம்ம ஊர் உப்பு" என்றேன். கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது உப்பு இல்லலே. உப்புக்கு முந்தி படியுற சுண்ணாம்பு" என்றார். கெமிஸ்ட்ரி புத்தகமும் அதையேதான் சொல்கிறது. உப்பளத்தில் தண்ணீர் வற்ற வற்ற முதலில் கால்சியம் கார்பனேட், அப்புறம் ஜிப்சம், சுமார் 25 டிகிரி போமேயில்தான் சாப்பாட்டு உப்பு. கீஸரில் தண்ணீர் வற்றுவதில்லை. ஆனால் சூடு பட்டதும் கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, அதே சுண்ணாம்பாக எலிமென்டின்மேல் ஒட்டிக்கொள்கிறது. சுண்ணாம்பு வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே சூடு தண்ணீருக்குப் போகாமல் எலிமென்டிலேயே தங்கி, கடைசியில் எலிமென்ட் எரிகிறது, அல்லது கட்-அவுட் விழுகிறது.

நம்ம துறைமுகத்துப் பக்கம் 1979-இல் உற்பத்தியைத் தொடங்கிய அனல்மின் நிலையம் தலா 210 மெகாவாட் வீதம் 5 அலகுகளாக அமைந்தது. இத்தகைய நிலையங்களின் பாய்லருக்குத் தாதுப்புகளை நீக்கிய தண்ணீரைத்தான் கொடுப்பார்கள். குழாயில் படிவு ஏறினால் குழாய் சூடேறி வெடிக்கும். அளவு வேறு, பகை ஒன்றே.

செய்ய வேண்டியது

டேங்கை வடித்து, எலிமென்டைக் கழற்றி, வினிகரிலோ சிட்ரிக் ஆசிட் கரைசலிலோ உறை பகுதியை மட்டும் ஊற வையுங்கள். நுரை அடங்கியதும் கழுவுங்கள். உப்புத் தண்ணீரில் மெக்னீசியம் கம்பி சீக்கிரம் கரையும். அதையும் பாருங்கள். புது கேஸ்கெட் போட்டு, வெந்நீர்க் குழாயில் தண்ணீர் கொட்டும்வரை டேங்கை நிரப்பிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். கடல் காற்றில் எர்த் இணைப்பும் பச்சை பிடிக்கும். அதையும் சுரண்டி இறுக்குங்கள்.

ஒரு வீட்டில், முன்பு வந்தவர் கட்-அவுட்டின் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டுப் போயிருந்தார். "அவர் கை வச்சதும் வெந்நி வந்துச்சே தம்பி" என்றார் அந்த ஆச்சி. வந்தது உண்மைதான். ஆனால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். படிவால் சேப்டி வால்வும் அடைத்திருந்தால் டேங்கே வெடிக்கும். அதற்கடியில் குளிப்பது அவருடைய பேரப்பிள்ளைகள்.

நண்பர்களே, ஒயரைப் போட்டு வெந்நீர் வரவழைக்க யாராலும் முடியும். கட்-அவுட் ஏன் விழுந்தது என்று சொல்வதற்குத்தான் நம் வீட்டார் உழைத்து நம்மைப் படிக்க வைக்கிறார்கள். காரணத்தைக் கண்டுபிடிப்போம், பிறகு கை வைப்போம்!

– மின்னியல் பிரிவு, இரண்டாம் ஆண்டு