எதிராளியை முதலில் உட்கார வையுங்கள்: மருத்துவ ஆய்வை வடிவமைக்கக் கற்கும் வழி

1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய்க்கான ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. ஐ.சி.எம்.ஆர்., சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம் அது. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையேற்றார். காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்க வைக்கத்தான் வேண்டுமா, புது மாத்திரைகளைக் கொடுத்து வீட்டிலேயே குணமாக்க முடியாதா என்பது கேள்வி. முடியாது என்று சொன்னவர்கள் அசட்டு ஆட்கள் இல்லை. ஏழை வீட்டில் நல்ல சாப்பாடு ஏது, ஓய்வு ஏது என்றார்கள். யாரும் பார்க்காத இடத்தில் ஒரு வருடம் மாத்திரையை ஒழுங்காக விழுங்குவாரா என்றார்கள். ஒரே அறையில் படுக்கும் பிள்ளைகளுக்குத் தொற்றாதா என்றார்கள். ஆய்வின் அங்கங்கள் இந்தக் கேள்விகளுக்கான பதில்களாகவே அமைந்தன. யார் வீட்டுக்கு, யார் சானடோரியத்துக்கு என்பது குலுக்கலில் முடிவானது. இரு பக்கமும் என்ன சாப்பிட்டார்கள் என்று குறிக்கப்பட்டது. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரில் மருந்து தெரிகிறதா என்று சோதித்தார்கள். குடும்பத்தாரை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 1959-இல் வெளிவந்த அறிக்கைப்படி, ஓராண்டு முடிவில் நோய்க்கிருமி அடங்கியவர்கள் வீட்டில் நூற்றுக்கு 86 பேர், சானடோரியத்தில் 92 பேர். வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை.

ஆய்வு வடிவமைப்பைக் கற்க நினைக்கும் முதுநிலை மாணவரோ, செவிலியரோ, மருந்தாளுநரோ பாடநூலின் முதல் அத்தியாயத்தில் தொடங்குவதைவிட இப்படிப்பட்ட ஓர் அறிக்கையில் தொடங்குவது நல்லது என்பது என் கட்சி. பாடநூல் குலுக்கல், மறைப்பு, மாதிரி அளவு என்று சரக்குகளை வரிசையாக அடுக்கும். அவை எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டன என்பது அந்த வரிசையில் தொலைந்துபோகும். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்தில் நேர்மையும் திறமையும் உள்ள மருத்துவர் ஏமாந்துபோன இடத்தில் போடப்பட்ட பூட்டு. எந்தக் கதவுக்கு எந்தப் பூட்டு என்று தெரிந்தவருக்குச் சூத்திரங்கள் தாமாகவே பிடிபடும். ஆகவே முதல் பயிற்சி இது: உங்கள் துறையில் பெயர்பெற்ற ஒரு ஆய்வை எடுத்து, முடிவுரையை மட்டும் படியுங்கள். அதை நம்ப மறுக்கும் ஒருவர் கேட்கக்கூடிய பத்துக் கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு செய்முறைப் பகுதியைத் திறந்து, எந்தக் கேள்விக்கு எங்கே பதில் இருக்கிறது என்று தேடுங்கள். பதில் இல்லாத கேள்விகள்தான் அந்த ஆய்வின் ஓட்டைகள். மூன்று ஆய்வுகளை இப்படிப் பிரித்துப் போட்டவர் நான்காவதைத் தாமே எழுதத் துணியலாம்.

எழுதும்போது முதல் வேலை கேள்வியைக் குறுக்குவது. அறுவைச் சிகிச்சைத் துறைத் தீசிஸ்களில் அடிக்கடி தலைகாட்டும் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: சர்க்கரை நோயாளியின் கால்புண்ணுக்குத் தேன் வைத்துக் கட்டினால் ஆறுமா? இந்த வடிவத்தில் இதற்கு விடையே கிடையாது. எந்தப் புண், எத்தனை நாள் பழையது, காலில் ரத்த ஓட்டம் இருக்கிறதா, எதோடு ஒப்பிட்டு, எப்போது பார்த்து? இப்படி மாற்றுங்கள்: நான்கு வாரத்துக்கு மேல் ஆறாத, பாதத்தில் நாடித்துடிப்பு தெரிகிற, எலும்பு வரை போகாத புண் உள்ள 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, சலைனில் நனைத்த துணிக்கட்டைவிடத் தேன் கட்டு 12 வாரத்தில் அதிகம் பேருக்குப் புண்ணை முழுதாக மூடுகிறதா? வாக்கியம் அழகாக இல்லை; இருக்கவும் வேண்டியதில்லை. அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் ஒரு வாய்த்தகராறைத் தடுக்கிறது. ஒப்பீட்டை எழுதும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். எந்த வார்டிலும் யாரும் செய்யாத மட்டமான சிகிச்சையை எதிரில் நிறுத்தி ஜெயிப்பது எளிது. அந்த வெற்றியால் நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை.

அடுத்து, எந்த வகை ஆய்வு? எல்லாவற்றுக்கும் குலுக்கல் ஆய்வுதான் வேண்டும் என்பது ஒரு மூடநம்பிக்கை. 1971-இல் பாஸ்டனில் ஹெர்ப்ஸ்ட் என்ற மருத்துவரும் அவர் சகாக்களும் இளம்பெண்களின் பிறப்புறுப்பில் வந்த அரிய புற்றுநோய்க்குக் காரணம் தேடினார்கள். நோயுற்றவர்கள் எட்டே பேர். அவர்களோடு ஒப்பிட 32 பேர். எட்டில் ஏழு பேரின் தாய்மார்கள் கர்ப்பகாலத்தில் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற ஹார்மோன் மருந்தை எடுத்திருந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் ஒருவர்கூட இல்லை. நாற்பதே பேரை வைத்துக் கதை முடிந்தது. அரிதான தீங்கைத் தேடும்போது விளைவிலிருந்து பின்னோக்கிப் போவதுதான் வழி. ஆனால் ஒரு சிகிச்சை பலன் தருகிறதா என்ற கேள்விக்கு அதே வழி ஆபத்தானது. மாதவிடாய் நின்ற பெண்களில் ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று பல கண்காணிப்பு ஆய்வுகள் சொல்லிவந்தன. 2002-இல் அமெரிக்காவில் 16,608 பெண்களைக் குலுக்கலில் பிரித்துப் பார்த்த ஆய்வு அந்தப் பாதுகாப்பைக் காணவில்லை. மாரடைப்பு சற்று கூடவே செய்தது. விரும்பி மாத்திரை எடுத்தவர்கள் ஏற்கெனவே வசதியும் உடல்மேல் அக்கறையும் கொண்டவர்கள் என்பது பெரும்பாலும் அந்த ஏமாற்றத்துக்கான விளக்கம். ‘எங்கள் ஆஸ்பத்திரியில் பத்து வருடக் கேஸ் ஷீட் இருக்கிறது, அதையே அலசினால் போதாதா’ என்பவர்களுக்கு இதுதான் பதில்: யாருக்கு என்ன நேர்ந்தது என்பதை அந்தக் காகிதங்கள் சொல்லும். அந்த நோயாளிக்கு அந்த மருந்தை மருத்துவர் ஏன் தேர்ந்தார் என்பதைச் சொல்லாது. கேள்வியின் சிக்கல் முழுதும் அந்த ‘ஏன்’-இல் இருக்கிறது.

எதை அளப்பது என்பதில் ஒரு எச்சரிக்கை போதும். மாரடைப்புக்குப் பின் இதயத்துடிப்பு தாறுமாறாக இருப்பவர்கள் அதிகம் இறக்கிறார்கள்; ஆகவே துடிப்பைச் சீராக்கினால் உயிர் பிழைக்கும் என்று 1980-களில் நியாயமாகவே நம்பினார்கள். ஃப்ளெக்கைனைடு, என்கைனைடு என்ற மருந்துகள் துடிப்பைச் சீராக்கவும் செய்தன. காஸ்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்வில் மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். போலி மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேர். ஈசிஜி-யில் நன்றாகத் தெரிந்தது மருந்து. ஆளைக் கொன்றதும் அதே மருந்து. தேன் ஆய்வில் கிருமி எண்ணிக்கை குறைந்ததா என்று அளப்பது எளிது, சீக்கிரமும் முடியும். ஆனால் நோயாளி கேட்பது புண் மூடியதா, கால் தப்பியதா என்றுதான். முதன்மை அளவீடாகப் புண் மூடியதா என்ற ஒன்றையே வையுங்கள்.

குலுக்கலுக்குப் போவோம்; இங்கேதான் அதிகம் கவனம் வேண்டும். ஓ.பி. சீட்டு எண் ஒற்றைப்படை என்றால் தேன், இரட்டைப்படை என்றால் சலைன் என்று பிரிப்பதைக் குலுக்கல் என்று எழுதும் தீசிஸ்கள் உண்டு. சீட்டைப் பார்த்தவுடன் எந்தக் குழு என்று தெரிந்துவிடும். மோசமான புண்ணோடு வருபவரை ‘இவர் ஆய்வுக்குத் தகுதியில்லை’ என்று மனசாட்சி உறுத்தாமலே தள்ளிவிடலாம். அதனால் குலுக்கலின் உயிர் இருப்பது எண்களின் ஒழுங்கின்மையில் மட்டும் இல்லை. அடுத்த சீட்டு எது என்பது சேர்ப்பவருக்குக் கடைசி நொடி வரை தெரியாமல் இருப்பதில்தான். 1948-இல் வெளியான பிரிட்டனின் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு மூடிய உறைகளை இதற்காகவே பயன்படுத்தியது. உறையைச் செய்வதற்கும் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. டியூப்லைட்டில் தூக்கிப் பிடித்தால் உள்ளே தெரியாத தடித்த தாள் வேண்டும். உள்ளே சீட்டோடு ஒரு துண்டுக் கார்பன் தாள். நோயாளி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்ட பிறகு, உறையின் மேல் அவர் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். எழுத்து கார்பன் வழியாக உள்சீட்டில் பதியும். முதலில் பிரித்துப் பார்த்துவிட்டுப் பிறகு ஆளைத் தேர்ந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். நான்கு நான்கு பேராகச் சமப்படுத்தினால் மூன்று பேர் முடிந்ததும் நான்காவது எதுவென்று ஊகிக்கலாம்; நான்கும் ஆறும் கலந்து வையுங்கள், அந்தக் கணக்கை வார்டில் யாருக்கும் சொல்லாதீர்கள். பட்டியலைத் தயாரிப்பவர் ஆய்வாளராக இருக்கக்கூடாது.

தேன் கட்டு எது என்பதை நோயாளியிடமிருந்து மறைக்க முடியாது, பிசுபிசுப்பே சொல்லிவிடும். மறைக்க முடியாதே என்று கைவிடுவது சோம்பல். புண் மூடியதா என்று தீர்ப்புச் சொல்பவரிடமிருந்து மறைக்கலாம். கட்டை அவிழ்த்து, சலைனில் நன்றாகக் கழுவித் துடைத்து, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். கழுவாமல் எடுத்தால் மஞ்சள் பளபளப்பு குழுவைச் சொல்லிவிடும். படத்தில் பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்டு, வேறு துறையில் இருக்கும் ஒருவரிடம் கொடுங்கள். ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்விலும் எக்ஸ்ரேயைப் படித்தவர்களுக்கு யார் எந்தக் குழு என்று தெரியாது.

நோயாளியின் உயிரைச் சீட்டுக் குலுக்கிப் போடலாமா என்ற ஆட்சேபத்தை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. எது நல்லது என்று உறுதியாகத் தெரிந்திருந்தால் குலுக்குவது குற்றம்தான். தெரியாதபோது, தெரிந்ததுபோல நடித்து எல்லோருக்கும் ஒன்றையே கொடுப்பது அதைவிட நல்லதா? அதிர்ச்சி நிலையில் வரும் குழந்தைக்கு வேகமாகத் திரவம் ஏற்ற வேண்டும் என்பது பல காலம் கேள்வி கேட்கப்படாத பாடமாக இருந்தது. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3,141 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது: கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றி வந்த குழந்தைகளில், வேகமாகத் திரவம் ஏற்றிய இரு குழுக்களிலும் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குப் பத்துக்கும் மேல், ஏற்றாத குழுவில் 7.3. அந்த ஆய்வு நடக்கும்வரை அந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படவில்லை. உங்கள் துறையில் விவரமறிந்த இருவர் எதிரெதிராகச் சொல்கிறார்களா? அப்படியானால் குலுக்கலுக்கு நியாயம் உண்டு. அதை நோயாளிக்குப் புரியும் தமிழில், ‘எங்களுக்கே எது மேல் என்று தெரியாது’ என்று ஒப்புதல் படிவத்தில் வெட்கப்படாமல் எழுதுங்கள்.

எத்தனை பேர் என்ற கணக்கைப் புள்ளியியலாளர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். எவ்வளவு வித்தியாசம் இருந்தால் நாளைக்கே வார்டில் கட்டை மாற்றுவீர்கள் என்பதை அவரால் சொல்ல முடியாது. கைக்கணக்கு ஒன்று இருக்கிறது: இரு குழுக்களின் சராசரி விகிதத்தையும் அதன் மிச்சத்தையும் பெருக்கி, 16-ஆல் பெருக்கி, வித்தியாசத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஒரு குழுவுக்குத் தேவையானவர் எண்ணிக்கை வரும். 80 சதவீதத்திலிருந்து 90-க்கு உயர்வதைப் பிடிக்க 16 × 0.85 × 0.15 ÷ 0.01, அதாவது 204 பேர். 85-லிருந்து 90-க்கு என்றால் 700. வித்தியாசத்தைப் பாதியாக்கினால் ஆள் மூன்று மடங்குக்கும் மேல். சேத்துப்பட்டு ஆய்வையே இந்தக் கண்ணால் பாருங்கள். ஒரு பக்கத்துக்குத் தோராயமாக 80 பேரை வைத்துப் பார்த்தால், 86-க்கும் 92-க்கும் இடையிலான வித்தியாசத்தின் நம்பக எல்லை, வீடு சுமார் 4 புள்ளி மேல் என்பதிலிருந்து சானடோரியம் சுமார் 16 புள்ளி மேல் என்பதுவரை நீள்கிறது. அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பியிருந்தால் எதிராளி விட்டிருக்க மாட்டார். குடும்பத்தாரின் ஐந்து ஆண்டுக் கணக்கும் பிந்தைய கண்காணிப்பும் சேர்ந்துதான் வாதம் நின்றது. நோயாளிகள் கிடைக்கும் வேகத்தையும் துறையில் சொல்லும் எண்ணில் பாதியாகவே வையுங்கள். ஆய்வு தொடங்கிய மறுநாளே நோயாளிகள் மாயமாகிவிடுவார்கள் என்று அமெரிக்க மருந்தியலாளர் லூயி லசாக்னா சொன்னது வேடிக்கையாகத் தோன்றும், உண்மைதான்.

ஒருவரைக்கூடச் சேர்ப்பதற்கு முன் முடிவு அட்டவணையை எண்கள் இல்லாமல் வரைந்துவிடுங்கள்: வரிசைத் தலைப்பு, பத்தித் தலைப்பு, வெறும் கட்டங்கள். கட்டத்துக்குள் வராத தகவலைச் சேகரிக்காதீர்கள். தேன் குழுவில் சேர்ந்து இரண்டாம் வாரமே வேறு வைத்தியத்துக்குப் போனவர் கணக்கில் கடைசிவரை தேன் குழுதான் என்பதையும் இப்போதே எழுதுங்கள். எந்த உட்பிரிவுகளைத் தனியாகப் பார்ப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 மாரடைப்பு நோயாளிகளுக்கு ஆஸ்பிரினின் பலன் சந்தேகமில்லாமல் தெரிந்தது. உட்பிரிவு ஆராய்ச்சியின் அபத்தத்தைக் காட்ட ஆய்வாளர்கள் பிறந்த ராசிவாரியாகவும் பிரித்துப் போட்டார்கள்: மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் ஆகவில்லை! நம் ஊர் ஜோசியர் யாரும் இன்னும் இதைக் கையில் எடுக்கவில்லை என்பது ஆறுதல்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி, பதிவு ஆகியவை அலுவலக வேலைகள். ஆனால் வரிசை மாறக்கூடாது. மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியாவின் சிடிஆர்ஐ பதிவேடு 2007-இல் தொடங்கியது. 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் பதிவுசெய்தால்தான் ஏற்கிறது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பிறகு வாய்ப்பில்லை.

எல்லாம் முடிந்ததும், வரைவை உங்கள் கைடிடம் கொடுப்பதற்கு முன்னால் தேன் கட்டில் துளியும் நம்பிக்கையில்லாத ஒருவரிடம் கொடுங்கள். அவர் சிவப்பு மையில் எழுதித் தருவதைத் திருத்துங்கள். பிறகு தகவல் படிவத்தை ஐந்து நோயாளிகளிடம் நிரப்பிப் பாருங்கள். அவர்களை ஆய்வில் சேர்க்க வேண்டாம். ‘புண் எத்தனை நாளாக?’ என்ற கேள்விக்கு ‘போன தீபாவளியிலிருந்து’ என்று பதில் வரும், படிவத்திலோ இரண்டு இலக்கத்துக்கு மட்டும் கட்டம் இருக்கும். அதை இந்த ஐந்து பேரிடமே கண்டுபிடித்து மாற்றிவிட்டால், இருநூறாவது படிவத்தில் திணற வேண்டியிருக்காது.