காகிதம் போன வழி

தருமபுரி.

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. பெரியார் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குப் பதிவு செய்துவிட்டாய், தலைப்பு பாராமகால் நிலவரி என்று உன் அப்பா போனில் சொன்னான். ரொம்ப சந்தோஷம். "அடுத்த வாரம் மெட்ராஸ் போய் எல்லாத்தையும் போட்டோ எடுத்துட்டு வந்துடறேன்" என்று நீ சொன்னதையும் சேர்த்துச் சொன்னான். அதைக் கேட்டபிறகுதான் பேனாவை எடுத்தேன். பழைய காகிதம் அப்படி ஒரே இடத்தில் கிடைத்துவிடாது.

நம் பக்கத்து நடுகல் மாடு மீட்கப் போய் மாண்டவனின் ஊர்ப்பக்கமே நிற்கும். அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டவை போக மற்றதெல்லாம் இன்னும் வயல் ஓரத்திலும் ஏரிக்கரையிலும்தான் இருக்கின்றன. அதனால்தான் தொல்லியல் துறையால் 1975-ல் 'தருமபுரி கல்வெட்டுகள்' என்று நூலே போட முடிந்தது. காகிதத்தின் குணம் வேறு. அது மேலதிகாரி உட்கார்ந்திருக்கும் ஊருக்குப் போய்விடும். நம் மாவட்டம் பிறந்ததே 1965 அக்டோபர் 2-ல். அதற்கு முந்தைய காலத்துக்கு நீ சேலம் ஜில்லா என்றுதான் தேட வேண்டும். 2004 வரை கிருஷ்ணகிரியும் நம்மோடு இருந்தது. எல்லை எப்போது எப்படி மாறியது என்று ஒரு தாளில் வரைந்து பையில் வைத்துக்கொள். ஆவண அட்டவணையில் "தருமபுரி" என்று தேடி ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

உன் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீட் தலைமை. அவருக்குக் கீழே மன்றோ, மக்ளவுட், கிரகாம் என்று மூன்று ராணுவ அதிகாரிகள். மன்றோவின் பகுதி நம் தருமபுரி. 1799-ல் கன்னடக் கடற்கரைக்குப் போகும்வரை இங்கேதான் இருந்தார். அவர் எழுதிய ஒரு கடிதம் எப்படிப் போயிருக்கும் என்று யோசி. கிராமத்துக் கர்ணத்தின் கணக்கைப் பார்த்து இங்கே ஒரு அறிக்கை எழுதுவார். அது ரீடிடம் போகும். ரீட் தன் கருத்தைச் சேர்த்துச் சென்னைக் கோட்டையிலிருந்த வருவாய் வாரியத்துக்கு அனுப்புவார். வாரியம் அதைத் தன் நடவடிக்கைப் பேரேட்டில் நகல் எடுத்து, பதிலையும் கீழே எழுதிக்கொள்ளும். அங்கிருந்து அரசுக்கு. அங்கிருந்து நகலாகக் கப்பலேறி லண்டனுக்கு. ஒரே விஷயம் பல இடங்களில், ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் குறைந்தோ கூடியோ கிடக்கும்.

இது தெரிந்தால் இரண்டு லாபம். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஒரு பக்கத்தைக் கரையான் தின்றிருந்தால் அதன் நகல் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கக்கூடும் என்று தேடத் தோன்றும். இரண்டாவதுதான் முக்கியம். கையிலிருக்கும் கடிதம் யாரைச் சம்மதிக்க வைக்க எழுதப்பட்டது என்று கேட்கத் தோன்றும். மன்றோ நன்றாக எழுதுவார். படிக்கிறவரைத் தன் பக்கம் இழுத்துவிடுவார். பிற்காலத்தில் சென்னை கவர்னர் ஆன மனிதர் அல்லவா! ஆனால் அவர் எழுதியதெல்லாம் மேலிடத்துக்கு. ரயத்து பேசுவது அந்தக் கடிதத்தில் அல்ல, அதோடு இணைத்து அனுப்பிய கணக்கிலும் அர்ஜியிலும். இணைப்பைப் படிக்காமல் கடிதத்தை மட்டும் படம் பிடித்து வருகிறவன் மன்றோவின் வக்கீலாகத்தான் ஆய்வேடு எழுதுவான்.

ஆகவே தேடிப்போன தாள் கிடைத்ததும் எழுந்துவிடாதே. அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று கட்டு முழுக்கப் புரட்டு. கட்டு இருக்கும் வரிசையே ஒரு சாட்சி. உனக்கு வசதி என்று தாள்களைத் தேதிவாரியாக அடுக்கி வைத்துவிடாதே. குளறுபடியாகத் தெரிந்தாலும் அப்படியே விடு. போட்டோ எடுக்க அனுமதி கிடைத்தால் முதல் படம் கட்டின் அட்டை, அடுத்தது அதன் எண் சீட்டு, பிறகுதான் உள்ளே. வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் எந்தத் தொகுதி எந்தப் பக்கம் என்று தெரியாத படம் வெறும் படம்தான். பென்சில் மட்டும் எடுத்துப் போ. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம் நம் வீட்டில் எல்லோருக்கும் உண்டு, அதை வாசலிலேயே விட்டுவிடு. பழைய இரும்பு மை தாளையே அரித்திருக்கும், பலமாகப் புரட்டினால் எழுத்து மட்டும் பொத்துக்கொண்டு விழும்.

கிளம்பும் முன் அச்சில் உள்ளதைப் படி. 'பாராமகால் ரெக்கார்ட்ஸ்' என்ற பெயரில் சென்னை அரசு அச்சகம் 1907 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டிருக்கிறது. நிர்வாகம், குடிமக்கள், விளைபொருள், நிலவாடகை என்று தனித்தனிப் பகுதிகள். 1883-ல் வந்த லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடு, 1918-ல் வந்த ரிச்சர்ட்ஸின் கெசட்டியர் இரண்டையும் படி. பர்ட்டன் ஸ்டெயின் மன்றோவைப் பற்றி எழுதிய நூல் 1989-ல் வந்தது, அதையும். வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயர்களுக்கு ஒரு பட்டியல் போட்டுக்கொள். பென்னாகரம் 'பென்னாக்ரா' என்றும் கிருஷ்ணகிரி 'கிஸ்ட்னகெரி' என்றும் இருக்கும். வரிக்கணக்கில் வரும் பசலி ஆண்டை ஆங்கில ஆண்டாக மாற்ற அதோடு 590 கூட்டு. பசலி 1206 என்றால் 1796-ன் நடுவில் தொடங்கி 1797-ன் நடுவில் முடிவது.

ஒரு விஷயம் மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வாழ்நாளெல்லாம் பழைய புத்தகமும் நோட்டீசும் சேர்த்தார். 1992-ல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. ஆனால் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. சென்னையிலேயே 1994-ல் அது ஆராய்ச்சி நூலகமாக நிறுவப்பட்டது, இன்றும் இங்கேயே இருக்கிறது. பல்கலைக்கழகம் ஒன்று நினைத்தால் காகிதத்தை அதன் மண்ணிலேயே வைத்துக் காப்பாற்ற முடியும்.

நம் மாவட்டத்தில் அப்படிக் காக்க என்ன இருக்கிறது என்று கேட்பாய். 1980-ல் கர்ணம், மணியக்காரர் பதவிகளை அரசு ஒழித்தது. அந்தக் குடும்பங்களின் பரணில் பழைய கணக்குகள், நோட்டுகள், நகல் சிட்டாக்கள் இன்னும் சில இடங்களில் கிடக்கின்றன. வீடு இடிக்கும்போது எடைக்குப் போகின்றன. உன் துறைத்தலைவரிடம் பேசு. பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு அலமாரி, வாங்கியதற்கு ரசீது, யார் வீட்டிலிருந்து எந்த வரிசையில் வந்தது என்று ஒரு பட்டியல், இவ்வளவு இருந்தால் தொடங்கலாம். நூலகத்தின் பெயரில் ஒரு கடிதம் வாங்கி வா. கடிதம் இல்லாமல் போனால் யாரும் பரணில் ஏணி வைக்க விடமாட்டார்கள். பாப்பாரப்பட்டிப் பக்கம் எனக்குத் தெரிந்த வீடுகள் இருக்கின்றன, நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா